ராக்கெட் கடல் பக்கம் சாய்வது ஏன்? மறுபயன்பாட்டு விண்கலம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நாளில், பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை ஊர்களின் மொட்டை மாடிகளிலும் மக்கள் கூடிவிடுகிறார்கள். முதலில் ஒளி தெரியும். ஓசை ஏரியைக் கடந்து வந்து சேரச் சற்று நேரமாகும். அந்த ஓசை வந்து ஜன்னல் கம்பிகள் அதிரும்போது, ராக்கெட் நேராக மேலே போவதை விட்டுவிட்டுக் கிழக்கே, வங்கக் கடலின் பக்கம் சாயத் தொடங்கியிருக்கும். முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைகளில் யாரேனும் ஒருவர் தவறாமல் கேட்பார்: “சார், சாஞ்சிடுச்சே, கீழே விழுந்துடுமா?”

மிக நல்ல கேள்வி அது. அந்தச் சாய்வு ஏன் என்று விளங்கிவிட்டால், விண்வெளிக்குப் போய்த் திரும்பி வந்து மீண்டும் பறக்கும் கலத்தைச் செய்வது ஏன் இவ்வளவு கடினம் என்பதில் பாதி விளங்கிவிடும்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லைப் பகுதியான எங்கள் ஊர்ப்பக்கத்தில் தமிழ்ச் செய்தியையும் தெலுங்குச் செய்தியையும் ஒருசேரக் கேட்பவர்கள் அதிகம். இரண்டிலும் ராக்கெட், சாட்டிலைட், ஷட்டில் ஆகிய சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்குகின்றன. 2016 மே 23 அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இறக்கை வைத்த சிறு கலம் ஒன்று ஏவப்பட்டபோது, இந்தியாவின் விண்வெளி ஓடம் (ஷட்டில்) விண்ணுக்குப் போய் வந்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். அன்று நடந்தது பெருமைக்குரிய சோதனைதான். ஆனால் அந்தக் கலம் பூமியைச் சுற்றவில்லை. சுற்றாமல் திரும்புவதற்கும் சுற்றிவிட்டுத் திரும்புவதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது.

உயரம் வேறு, சுற்றுப்பாதை வேறு

பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று, கடலை நோக்கி ஒரு கல்லைக் கிடையாக எறிவதாக வைத்துக்கொள்வோம். மெதுவாக எறிந்தால் அது அருகிலேயே விழும். வேகமாக எறிந்தால் சற்றுத் தள்ளி விழும். எவ்வளவு வேகமாக எறிந்தாலும் முதல் ஒரு நொடியில் அது கீழிறங்கும் அளவு மட்டும் மாறாது. ஏறத்தாழ 5 மீட்டர்.

பூமி தட்டையானதாக இருந்தால் கல் என்றாவது தரையைத் தொட்டே ஆக வேண்டும். பூமியோ உருண்டை. நேர்கோட்டில் 8 கி.மீ. சென்றால், நமக்குக் கீழே பூமியின் பரப்பு வளைந்து ஏறத்தாழ 5 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு கல் ஒரு நொடியில் 8 கி.மீ. ஓடுமானால், அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்குத் தரையும் விலகிக்கொண்டே போகும். கல் விழுந்துகொண்டேதான் இருக்கும். தரையை மட்டும் தொடாது. இப்படி ஓயாமல் விழுந்துகொண்டே பூமியை வலம்வரும் வழிக்குத்தான் சுற்றுப்பாதை என்று பெயர்.

விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால்தான் விண்கலம் மிதக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை சொல்லக் கேட்கிறோம். உண்மையில் 400 கி.மீ. உயரத்திலும் தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் கலம் வளைந்து சுற்றாமல் நேராக ஓடி மறைந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் மிதப்பதற்குக் காரணம், அவர்களும் கலமும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதுதான்.

அப்படியானால் உயரம் எதற்கு? காற்றிலிருந்து தப்புவதற்கு. பூமியில் காற்றும் குறுக்கே மலைகளும் இல்லாதிருந்தால், நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் எறிந்த கல் கலங்கரை விளக்கத்தின் உயரத்திலேயே உலகைச் சுற்றி வந்துவிடும். காற்று இருப்பதால், அது மிக மிக மெலிந்துபோகும் சில நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிக்கொண்டு அங்கே சுற்ற வேண்டியிருக்கிறது. அந்த உயரத்தில் தேவைப்படும் வேகம் நொடிக்குச் சுமார் 7.8 கி.மீ.; அதாவது மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டைக்கு வரும் மின்சார ரயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் தூரத்தை, இந்த வேகம் பத்துப் பதினோரு நொடிகளில் கடந்துவிடும்.

ராக்கெட் சாய்வது இதற்காகத்தான். முதலில் அடர்த்தியான காற்றைத் தாண்ட நேராக எழுகிறது; பிறகு தன் பெரும்பகுதி எரிபொருளைக் கிடைவேகம் சேர்ப்பதற்கே செலவிடுகிறது. கிழக்குப் பக்கம் சாய்வதில் இரட்டை நன்மை. எரிந்து முடிந்து கழன்று விழும் பகுதிகள் ஊர்களின் மேல் விழாமல் கடலில் விழுகின்றன. ஏவும் நாளில் மீனவர்கள் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிக்கப்படுவது இதனால்தான். மேலும், பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், ஏவுதளம் இருக்கும் இடமே நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நேர்கிழக்கே செல்லும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் செலவில்லாமல் கிடைக்கிறது.

இதுவரை பார்த்ததில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். விண்வெளியைத் தொடுவது உயரத்தைப் பற்றியது. சுற்றுப்பாதையை அடைவது பக்கவாட்டு வேகத்தைப் பற்றியது. இரண்டாவதுதான் பல மடங்கு கடினம்.

அந்த வேகத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது?

ஓடும் பொருளுக்குள் இருக்கும் ஆற்றலை இயக்க ஆற்றல் என்கிறோம். வேகம் இரு மடங்கானால் அது நான்கு மடங்காகும். ஐந்து மடங்கானால் இருபத்தைந்து மடங்காகும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் 2016-இல் தவறான முடிவுக்கு வந்தார்கள். அன்று பறந்த கலம் ஒலியைப் போல் சுமார் 5 மடங்கு வேகத்தை எட்டியது. சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகம் ஒலியைப் போல் சுமார் 25 மடங்கு. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஆற்றலில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.

வீட்டுக் கணக்காகவே பார்க்கலாம். சுற்றுப்பாதையில் ஓடும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 3 கோடி ஜூல் இயக்க ஆற்றல் உண்டு. சமையல் எரிவாயுவில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரித்தால் கிடைக்கும் வெப்பம் அது. 5 டன் எடையுள்ள கலம் என்றால், 14.2 கிலோ சிலிண்டர்கள் 230-க்கு ஈடான ஆற்றலைச் சுமந்துகொண்டு சுற்றுகிறது. ஏற்றிவிடும்போது இதைக் கொடுத்தாக வேண்டும். திரும்பி வரும்போதோ, கலம் உருகிவிடாமல் இது முழுவதையும் அரைமணி நேர அளவில் உதறியாக வேண்டும்.

திரும்ப வருவது எது?

மறுபயன்பாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் எந்தப் பகுதி திரும்புகிறது என்று கேட்டுவிட வேண்டும். ஏனெனில் விண்பயணத்தில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. ஏற்றிச் செல்வது ஏவுகலம். நாம் பேச்சில் ராக்கெட் என்பது இதைத்தான். ஏற்றிச் செல்லப்பட்டு மேலே சுற்றுவது விண்கலம். லாரியும் லாரியில் ஏற்றிய சரக்கும் போல இவை வேறு வேறு.

ஏவுகலம் ஒரே துண்டாக இருப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல பகுதிகள் கொண்டது. எரிந்து முடிந்ததும் காலியான பகுதி சுமையாகிவிடும் என்பதால் அதைக் கழற்றிவிட்டு அடுத்தது எரியத் தொடங்கும். இந்த ஒவ்வொரு பகுதியையும் ஓர் அடுக்கு என்போம். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் செங்குத்தாக வந்து நிற்கும் காட்சியைக் கைப்பேசியில் பார்க்காதவர் குறைவு. 2015 டிசம்பரில் முதன்முறையாக அப்படித் தரையிறங்கியதும், 2017 மார்ச்சில் முதன்முறையாக மறுபடி பறந்ததும் அதன் முதல் அடுக்கு. அந்த அடுக்கு சுற்றுப்பாதைக்குப் போவதே இல்லை. நொடிக்குச் சுமார் 2 கி.மீ. வேகத்தில் கழன்று திரும்பிவிடுகிறது. மேலே சொன்ன கணக்குப்படி, அது உதற வேண்டிய ஆற்றல் கிலோவுக்குக் கிலோ சுற்றுப்பாதைக் கலத்தினுடையதில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. உலகில் ஏவுதலின் கணக்கையே அது மாற்றிவிட்டது. ஆனால் அது ஏவுகலத்தின் மறுபயன்பாடு. இக்கட்டுரை பேசுவது விண்கலத்தின் மறுபயன்பாடு: சுற்றுப்பாதை வரை போய், நாள்கணக்கில் சுற்றி, முழு வேகத்திலிருந்து இறங்கி, மறுபடியும் பறக்க வேண்டிய கலம்.

அப்படிப்பட்டவை மிகச் சில. அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தன. டிஸ்கவரி என்ற ஒரே ஓடம் 39 முறை சென்றது. சோவியத் நாட்டின் புரான் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் பூமியை இருமுறை சுற்றித் தானாகத் தரையிறங்கியது. அதன்பின் பறக்கவே இல்லை. இன்று இயங்குபவற்றில் அமெரிக்காவின் எக்ஸ்-37பி என்ற ஆளில்லா கலம் முக்கியமானது. 9 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் ஏறத்தாழ 5 டன் எடையும் கொண்ட அது 2010 ஏப்ரலில் அட்லஸ் ராக்கெட்டில் ஏவப்பட்டு, 224 நாள்களுக்குப் பின் கலிபோர்னியாவில் ஓடுபாதையில் இறங்கியது. பிற்கால ஏவல் ஒன்றில் 908 நாள்கள் மேலேயே இருந்து 2022 நவம்பரில் திரும்பியது. சீனாவும் 2020 செப்டம்பரில் மறுபயன்பாட்டுச் சோதனைக் கலம் ஒன்றை ஏவி இரண்டு நாள்களில் இறக்கியது; 2022-இல் ஏவியது 276 நாள்கள் கழித்து 2023 மே மாதத்தில் திரும்பியது. இவை பற்றிய சீன அறிவிப்புகள் மிகச் சுருக்கமானவை. கலத்தின் உருவத்தைப் பற்றியே அவை ஒன்றும் சொல்லாததால், அந்த இடைவெளியை வதந்திகள் நிரப்பின.

சோதனைக் கலம் என்ற அடைமொழியும் கவனிக்கத்தக்கது. செயற்கைக்கோளை ஏற்றிச் செல்வதோ ஆளை ஏற்றிச் செல்வதோ அதன் முதல் வேலையாக இருப்பதில்லை. வெப்பத்தைத் தடுக்க ஒட்டிய ஓடுகள் தாங்கினவா, வழிகாட்டும் கணினி சரியாக முடிவெடுத்ததா, திரும்பி வந்த உடல் மறுபடி பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பதே அதன் வேலை.

இறக்கையை ராக்கெட் தலையில் வைப்பதன் சிக்கல்

அம்பின் வாலில் இறகு கட்டினால் அது நேராகப் போகும். அதே இறகைத் தலைப்பக்கம் கட்டினால் காற்று அதைப் பிடித்துத் திருப்பி, அம்பு தலைகுப்புறப் புரளும். ராக்கெட்டின் உச்சியில் இறக்கை வைத்த கலத்தை உட்கார வைப்பதும் அதைப் போன்றதுதான். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 2016-இல் இஸ்ரோ செய்ததைப் போல, ராக்கெட்டின் அடிப்பகுதியில் துடுப்புப் போன்ற பட்டைகளை வைத்துச் சமன்செய்வது. மற்றொன்று, எக்ஸ்-37பி போல, கலத்தை ராக்கெட்டின் முனைக் கூட்டுக்குள் மூடி வைத்து ஏற்றி, காற்று மெலிந்தபின் கூட்டைப் பிளந்து கழற்றிவிடுவது. கூட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் இறக்கை குட்டையாகவே இருக்க முடியும். குட்டை இறக்கை என்றால் இறங்கும்போது அதிக வேகத்தில்தான் தரையைத் தொட முடியும். ஏறும்போது எடுத்த முடிவு இறங்கும்போது வந்து நிற்கிறது.

இறங்குவது எப்படி?

சுற்றுப்பாதையில் இருந்து இறங்க, முழு வேகத்தையும் எஞ்சின் கொண்டு குறைக்க வேண்டும் என்று நினைத்தால், ஏறுவதற்குத் தேவைப்பட்ட அளவு பெரிய ராக்கெட்டையே மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும். அது நடவாத காரியம். ஆகவே கலம் தன் பின்பக்கத்தை முன்னால் திருப்பி, எஞ்சினைச் சில நிமிடங்கள் இயக்கி, நொடிக்கு 100 மீட்டர் அளவில் மட்டும் வேகத்தைக் குறைக்கிறது. மொத்த வேகத்தில் அது நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அது போதும்: பாதை தாழ்ந்து, பூமியின் மறுபக்கத்தில் காற்று மண்டலத்தைத் தொடுகிறது. மிச்சமுள்ள வேகத்தை எல்லாம் தின்று தீர்ப்பது காற்றின் வேலை. கலம் இப்படி மறுபடி காற்றுக்குள் நுழைவதை மறுநுழைவு என்கிறோம்.

காற்றோடு உராய்வதால் கலம் சூடாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உராய்வுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதன்மைக் காரணம் வேறு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்போம். உள்ளே அடைபட்ட காற்று அமுக்கப்படுவதால் எழும் வெப்பம் அது. ஒலியைவிட இருபத்தைந்து மடங்கு வேகத்தில் கலம் வரும்போது, அதன் முன்னால் உள்ள காற்றுக்கு விலகிப்போக நேரமே இல்லை. கலத்தின் முன்னே நெருக்கி அமுக்கப்பட்டுப் பல ஆயிரம் டிகிரிக்குக் கொதிக்கிறது. அமுக்கப்பட்ட காற்றின் இந்த விளிம்புக்கு அதிர்ச்சி அலை என்று பெயர்.

இங்கே ஒரு வியப்பு. வேகமாகப் போக வேண்டுமானால் முனை கூராக இருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். மறுநுழைவுக்கு மழுங்கிய முனையே நல்லது என்று 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஜூலியன் ஆலன் காட்டினார். ஏரியில் போகும் படகுகளைப் பார்த்தால் இது புரியும். கூரான மூக்குள்ள படகு நீரைக் கிழித்துக்கொண்டு போகும். நீர் படகின் உடலை ஒட்டியே ஓடும். முன்பக்கம் தட்டையான படகோ தனக்கு முன்னால் நீரைக் குவித்துத் தள்ளிக்கொண்டு போகும். மழுங்கிய முனை அப்படித்தான் அதிர்ச்சி அலையைத் தன்னிடமிருந்து தள்ளி நிறுத்துகிறது. கொதிக்கும் காற்றின் வெப்பத்தில் பெரும்பகுதி கலத்தைத் தொடாமலே இருபுறமும் வழிந்து போய்விடுகிறது. விண்வெளி ஓடம் தன் மூக்கை ஏறத்தாழ 40 டிகிரி தூக்கி, அகன்ற வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கியதும் இதே காரணத்தால்தான்.

அப்படியும் கலத்தைத் தொடும் வெப்பம் கொஞ்சமன்று. ஓடத்தின் மூக்கிலும் இறக்கைகளின் முன்விளிம்பிலும் அது 1,600 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இதைத் தாங்க உடலின் மேல் போர்த்தப்படும் அமைப்பே வெப்பக் காப்பு. ஒருமுறை மட்டும் இறங்கும், இறக்கை இல்லாத கூண்டு (கேப்சூல்) வடிவக் கலங்களுக்கு, மேற்பரப்பு தானே கருகி உதிர்ந்து வெப்பத்தை எடுத்துப்போகும்படி செய்துவிடலாம். மறுபடி பறக்க வேண்டிய கலம் தன் தோலை இழந்துகொண்டே இருக்க முடியாது. ஆகவே சிலிக்கா இழைகளால் ஆன ஓடுகளை ஒட்டுகிறார்கள். அவற்றின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெற்றிடமும் காற்றும்தான். அதனால் வெப்பம் உள்ளே ஊர மிக நேரமாகும். கொதிக்கும் பாத்திரத்தைக் கரித்துணி பிடித்து இறக்குவதன் தத்துவமே இது.

அந்தக் காப்பில் ஒரு சிறு சேதம் நேர்ந்தால் என்னவாகும் என்பதை 2003 பிப்ரவரி 1 அன்று உலகம் கண்டது. ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று கொலம்பியா ஓடத்தின் இடது இறக்கை முன்விளிம்பில் மோதித் துளையிட்டிருந்தது. மேலே இருந்த பதினாறு நாள்களும் அதனால் தொல்லை இல்லை. மறுநுழைவில் வெப்பக் காற்று அந்தத் துளை வழியே புகுந்து இறக்கையைச் சிதைக்க, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தார்கள். ஏறும்போது பட்ட காயம் இறங்கும்போது கொன்றது.

நுழையும் கோணமும் வேகத்தைப் போலவே முக்கியம். ஓட்டாஞ்சில்லை ஏரியின் மேல் தட்டையாக எறிந்தால் அது தத்தித் தத்திப் போகும். செங்குத்தாக எறிந்தால் சட்டென்று மூழ்கும். கலம் மிகத் தட்டையாக நுழைந்தால் வேகம் போதிய அளவு குறையாமல் இலக்கைத் தாண்டிவிடும். மிகச் செங்குத்தாக நுழைந்தால் வெப்பமும் அழுத்தமும் தாங்க முடியாதவை ஆகும். சரியான கோணத்தில் நுழைந்த பிறகும், கலம் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து, நீண்ட வளைவுகளாக இறங்கும். திருமலை மலைப்பாதை நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்கிச் சரிவைப் பல கிலோமீட்டருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறதல்லவா, அதைப்போல இந்த வளைவுகள் வெப்பத்தையும் வேகக் குறைப்பையும் நெடுந்தொலைவுக்குப் பங்கிடுகின்றன.

சுருங்கச் சொன்னால், எஞ்சின் சிறிதளவு வேகத்தைக் குறைத்து இறக்கத்தைத் தொடங்கி வைக்கிறது. காற்று மீதியைக் குறைக்கிறது. மழுங்கிய உருவமும் ஓடுகளும் அந்த வெப்பத்திலிருந்து கலத்தைக் காக்கின்றன. கடைசியில் அது எஞ்சின் உந்தாமல் காற்றில் சறுக்கி இறங்கும் கிளைடராக ஓடுபாதைக்கு வருகிறது. அங்கே ஒரே ஒரு வாய்ப்புத்தான். தவறினால் மறுபடி மேலெழும்பிச் சுற்றி வர எஞ்சின் கிடையாது.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை இஸ்ரோ தனித்தனியாகச் சோதித்து வருகிறது. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான், எல்லாம் முடிந்துவிட்டது என்று சிலரும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சிலரும் பேசுகிறார்கள்.

சுற்றுப்பாதையிலிருந்து திரும்புவது 2007-லேயே நடந்துவிட்டது. அவ்வாண்டு ஜனவரி 10 அன்று பிஎஸ்எல்வி-சி7 ஏற்றிச் சென்ற 550 கிலோ எடையுள்ள எஸ்ஆர்இ-1 என்ற கூண்டு, பன்னிரண்டு நாள்கள் பூமியைச் சுற்றிவிட்டு, ஜனவரி 22 அன்று பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டது. அதற்கு இறக்கை இல்லை. ஓடுபாதைக்கு வரவும் இல்லை. ஆனால் முழுச் சுற்றுப்பாதை வேகத்திலிருந்து ஒரு பொருளை உருகாமல் இறக்க முடியும் என்பதை அது காட்டியது. எங்கள் கரைக்கு எதிரிலுள்ள கடலில் நடந்த இந்தச் சாதனையை எங்கள் ஊரிலேயே பலர் மறந்துவிட்டது எனக்கு வருத்தம்தான்.

2016-இல் பறந்த ஆர்எல்வி-டிடி இறக்கை உள்ளது, எடை 1.75 டன், நீளம் 6.5 மீட்டர். 65 கி.மீ. உயரம் வரை ஏறி, ஏவுதளத்திலிருந்து சுமார் 450 கி.மீ. தொலைவில் கடல்மேல் குறித்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. விண்வெளியின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 100 கி.மீ. உயரத்தை அது தொடவில்லை. கலத்தை மீட்பதும் அன்றைய திட்டத்தில் இல்லை. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் இறக்கை உள்ள உடலைக் கட்டுப்படுத்த முடிகிறதா என்பதே அன்றைய கேள்வி.

மூன்றாவது கண்ணி தரையிறக்கம். கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 ஆகிய நாள்களில், விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் கலத்தை நாலரை கி.மீ. உயரத்துக்குத் தூக்கிச் சென்று விட்டுவிட, அது தானாகவே வழி கண்டு ஓடுபாதையில் இறங்கியது. மூன்றாம் முறை தரையைத் தொட்ட வேகம் மணிக்கு 320 கி.மீட்டருக்கு மேல், பயணிகள் விமானம் இறங்கும் வேகம் அதைவிடக் குறைவு. குட்டை இறக்கையின் விலை அது. புஷ்பக் என்று பெயரிடப்பட்ட அந்தக் கலத்தின் உடல், இரண்டாம் சோதனையில் இறங்கியதே மூன்றாம் சோதனையிலும் மாற்றமின்றிப் பயன்படுத்தப்பட்டது. மறுபயன்பாடு என்ற சொல்லுக்கு இந்திய இறக்கைக் கலம் ஒன்று செயலில் பொருள் தந்த நாள் என்று நான் அதைத்தான் சொல்வேன். நாலரை கி.மீ. உயரத்திலிருந்துதான் என்றாலும், இறங்கிய அதே உடல் மறுபடி பறந்தது.

இந்த மூன்று கண்ணிகளையும் ஒரே பயணத்தில் இணைப்பதுதான் இனி மீதமிருப்பது. இறக்கையுள்ள கலம் ஒன்றை ராக்கெட்டில் ஏற்றிச் சுற்றுப்பாதையில் விட்டு, அங்கிருந்து இறக்கி, ஓடுபாதையில் நிறுத்தும் சோதனையை இஸ்ரோ திட்டமிட்டுள்ளது. அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் நாளில், ஏரிக்கரையில் நிற்கும் நமக்குத் தெரியப்போவது வழக்கமான காட்சிதான்: ஒளி, பிறகு ஓசை, பிறகு கிழக்கே அந்தச் சாய்வு. அன்று அது சேர்க்கத் தொடங்கும் வேகம் முழுவதையும் கலம் எப்படி உதறியது என்ற செய்திக்குத்தான் நாம் காத்திருக்க வேண்டியிருக்கும்.